பதினோரு பிள்ளைகள் என்று எழுதியிருந்தது

பேப்பர்பார்க் தெருவுக்கு நான் குடிவந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் நெரிடா ஹாக்கிங் உரக்கப் பேசி நான் கேட்டது பள்ளிக்கூட வாசலில் மட்டும்தான். அங்கே அவர் வேறு ஆள். மஞ்சள் மேற்சட்டை, அகலத் தொப்பி, கையில் 'நில்' என்று எழுதிய வட்டப் பலகை. காலை எட்டரை மணிக்கு அவர் சாலையில் ஒரு காலை எடுத்து வைத்தால் சிமென்ட் லாரிகூட நின்றுவிடும். ஒன்பதரைக்குப் பலகையைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டு வந்தால் ஆள் பாதியாகச் சுருங்கிவிடுவார். கடையில் வரிசையில் யாராவது முன்னால் புகுந்தால் ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கிக்கொள்வார்.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. டாரவீ ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். அந்த இயந்திரங்களின் இரைச்சலில் பேசிப் பயனில்லை, எல்லாம் கைஜாடைதான். அதனால்தான் பேச்சு வற்றிப்போனது என்பார். கணவர் ஒரு குளிர்காலம் மீன் பிடிக்க வடகோடியில் இருக்கும் டார்வின் நகரத்துக்குப் போனார், அங்கேயே தங்கிவிட்டார். மகள் டாம்சினைத் தனியாக வளர்த்து ஆளாக்கினார். சலவை வேலையில் முதுகு போனபிறகு, பள்ளிப் பிள்ளைகளைச் சாலை கடக்க வைக்கும் இந்த வேலையில் சேர்ந்தார்.

எங்கள் தெரு ஒரு முட்டுச்சந்து. மொத்தம் நாற்பத்தொரு வீடு. ஒரு கோடியில் ஆரம்பப் பள்ளி, மறு கோடியில் வெள்ளைச் சாயம் அடித்த மரவேலி. வேலிக்கு அப்பால் பழைய பால்பண்ணை நிலம். வெளியார் கார் எதுவும் வராது என்பதால் குப்பைத் தொட்டியை ஸ்டம்பாக வைத்து நடுத்தெருவில் கிரிக்கெட் நடக்கும்.

செப்டம்பர் முதல் வாரம், ஒரு வியாழக்கிழமை, எல்லா வீட்டுத் தபால்பெட்டியிலும் கவுன்சில் கடிதம் கிடந்தது. பால்பண்ணை நிலத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடு வரப்போகிறது. வேலியை எடுத்துவிட்டு எங்கள் தெருவை நீட்டி உள்ளே கொண்டுபோகப்போகிறார்கள். புது வீடுகளுக்கு வாசல் எங்கள் தெருதான். ஆட்சேபம் இருந்தால் இருபத்தெட்டு நாளுக்குள் எழுதித் தரலாம்.

அன்று மாலையே பதினேழாம் எண் கிளாரி ஸ்டப்ஸின் கார் கொட்டகையில் கூட்டம் கூடிவிட்டது. கிளாரி எழுபத்தெட்டு வயதுக் கிழவர், பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பீர்ப்பெட்டி ஒன்றின் மேல் ஏறி நின்று கடிதத்தை ஆட்டினார்.

"ரெண்டாயிரத்து அறுநூறு கார்! ஒரு நாளைக்கு! நம்ம தெருவுல! என் நாய்க்குட்டி மூத்திரம் போகணும்னாகூட சிக்னல் வைக்கணும்!"

"ஒரு வீடும் கட்டக் கூடாதுன்னு எழுதுவோம்," என்று யாரோ கத்தினார்கள். கைதட்டல் பறந்தது.

"கட்டட்டுமே," என்று பின்னாலிருந்து ஒரு குரல். நெரிடா. எல்லாரும் திரும்பியதும் காது சிவந்துவிட்டது அவருக்கு. "ஜனங்க எங்கதான் போவாங்க? ரோடுதான வேணாங்கறோம்..."

"நீ யாரு பக்கம்மா, நெரிடா?" என்றார் கிளாரி. "ரெண்டு பக்கமும் கால் போட்டு வேலியில உக்காராத. குத்தும்."

சிரிப்பு. நெரிடா சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டார்.

கவுன்சிலின் போக்குவரத்து ரிப்போர்ட் எண்பத்து நான்கு பக்கம். வீட்டுக்குச் சில பக்கமென்று பிரித்துப் படிப்பது என்று முடிவானது. சட்டம், மரம், வெள்ளவடிகால் என்று சுவாரசியமான பக்கங்களை எல்லாம் ஆளுக்கு ஆள் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் வெறும் கட்டமும் எண்ணுமாக இருந்த பன்னிரண்டு பக்கம் மிஞ்சியது. அதை நெரிடாவின் கையில் திணித்தார்கள்.

மறுநாள் காலை ஆறரை மணி. நான் தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். கதவு உடைகிற மாதிரி தட்டு.

"வாஸ்! வாஸ்! கதவத் தொற!"

வாசுகி என்ற என் பெயரை முதல் வாரமே 'வாஸ்' ஆக்கிவிட்ட தெரு இது. கதவைத் திறந்தால் நெரிடா நிற்கிறார். இரவு உடுப்பு, ஒரு காலில்தான் செருப்பு, மூக்கு நுனியில் கண்ணாடி.

"பதினொண்ணாம், வாஸ்! பதினொண்ணு!"

"என்ன பதினொண்ணு? உள்ள வாங்க முதல்ல."

"பிள்ளைங்க! நம்ம தெரு முனையில காலையில ரோடு தாண்டற பிள்ளைங்க எத்தனைன்னு போட்டிருக்கான் பாரு. பதினொண்ணு! நான் தினம் இருநூத்தி நாப்பது பேர தாண்ட விடறேன். மழை நாள்லகூட நூத்தித் தொண்ணூறு. எவனோ எண்ணத் தெரியாதவன்னு நெனச்சேன். அப்புறம் தேதியப் பாத்தேன்." விரலால் தாளைக் குத்தினார். "ஜூலை ஒம்பதுலேருந்து பதினஞ்சு. ஜூலை ஒம்பது என்ன?"

இங்கே ஜூலைதான் குளிர்காலம் என்பது எனக்கு உறைக்கச் சற்று நேரம் ஆனது. "லீவு..."

"லீவு! குளிர்கால லீவு! பள்ளிக்கூடம் பூட்டிக் கெடக்கறப்ப எண்ணியிருக்காங்க! அந்தப் பதினொண்ணும் பார்க்குக்கு ஊஞ்சல் ஆடப் போன பிள்ளைங்க. நான் அந்த வாரம் இங்கேயே இல்ல, டாம்சின் வீட்டுல இருந்தேன். இந்தக் கணக்க வச்சுத்தான் 'தெரு தாங்கும்'னு எழுதியிருக்கான்!"

அந்த மனுஷி குதித்தார். நிஜமாகவே, என் சமையலறையில், ஒற்றைச் செருப்போடு. அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிந்ததை இருவருமே கவனிக்கவில்லை. ஏழு மணிக்குள் கிளாரி வீட்டுக்கு ஓடினோம். எட்டு மணிக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. எட்டரைக்கு நெரிடா பள்ளி வாசலில் பலகையோடு நின்றபோது, ஒவ்வொரு பிள்ளையும் சாலையில் கால் வைக்கையில் தெருக்காரர்கள் ஓரத்தில் நின்று "ஒண்ணு! ரெண்டு! மூணு!" என்று உரக்க எண்ணினோம். பதினொன்று வந்ததும் ஆரவாரம். அதற்கப்புறமும் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள்.

அந்தச் சந்தோஷம் ஞாயிறு மதியம் வரைதான் இருந்தது. டாம்சின் தன் இரண்டு பிள்ளைகளோடு நெரிடா வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். மேசையில் எங்கள் ஆட்சேபத்துக்குக் கையெழுத்து வாங்கும் தாள்கள். அவள் ஒன்றை எடுத்துப் படித்தாள். அங்கே நடந்ததை நெரிடாதான் எனக்கு மறுநாள் சொன்னார்.

"அம்மா, இது என்ன?"

"ரோடு போடறாங்கடி, நம்ம தெருவ உடைச்சு..."

"எந்த இடத்துக்கு ரோடுன்னு தெரியுமா உனக்கு? பால்பண்ணை. நூத்திப் பதினெட்டாம் மனை. நான் பேர் குடுத்திருக்கேன்."

நெரிடாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"எப்பக் குடுத்த?"

"ஜூன்ல. முடிவானப்புறம் சொல்லி ஆச்சரியப்படுத்தலாம்னு இருந்தேன்." டாம்சின் தாளை மேசையில் போட்டாள். "என் வாடகை வீட்டுச் சுவரப் பாத்திருக்கதான? கறுப்பாப் பூஞ்சை. சின்னவன் ராத்திரியெல்லாம் மூச்சு இழுக்கறான். எனக்கு வேற எங்க கெடைக்கும்மா? நீ என் வீட்டையா எதிர்க்கற?"

"வீட்ட எதிர்க்கலடி..."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வீங்க. சொந்த வீட்டுல உக்காந்துட்டு."

சாப்பிடாமல் கிளம்பிப் போய்விட்டாள். திங்களன்று நெரிடா என்னிடம், "நான் விட்டுடறேன், வாஸ். கிளாரிகிட்ட நீயே சொல்லிடு," என்றார். புது மனைகளின் வரைபடம் என் மேசையில் விரிந்து கிடந்தது. அவர் அதில் நூற்றுப் பதினெட்டைத் தேடிக் கண்டுபிடித்தார். அங்கிருந்து பள்ளிக்கு விரலை நகர்த்திக்கொண்டே வந்தார். விரல் எங்கள் தெருவின் நடுவில் நின்றது.

"டாம்சினோட பிள்ளைங்களும் இந்த வழியாத்தான நடந்து வரணும்," என்றார். "அந்த ரெண்டாயிரத்து அறுநூறு காருக்கு நடுவுல." விரலை வரைபடத்தின் மறுபக்கம் நகர்த்தி, "ஏன், அந்தப் பக்கம் நெடுஞ்சாலைதான இருக்கு? அங்கேருந்து வழி விட்டா என்ன?"

ரிப்போர்ட்டில் அதற்கு ஒரே வரி: நெடுஞ்சாலைப் பக்கம் தகுந்த நுழைவு இல்லை.

கிளாரியிடம் போய்க் கேட்டோம். அவர் கொட்டகையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நுழைவு இல்லையா?" என்று வெடித்தார். "முப்பது வருஷம் பின்பக்க கேட்டு வழியாத்தான பால் லாரிய விட்டேன்! லாரி நீளத்துல இந்த மூணு வீடு சேந்த அளவு! ஒரு தடவகூட திணறினதில்ல. புதர் மண்டிக் கெடக்கு, அவ்வளவுதான்."

"இத ஏன் கூட்டத்துல சொல்லல?" என்றார் நெரிடா.

"யாரு கேட்டா?"

நெரிடா சிரித்த சிரிப்பில் கிளாரியின் நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது. அன்று அங்கேயே ஆட்சேபத்தை மாற்றி எழுதினோம். வீடுகள் வரட்டும். காருக்கு வழி நெடுஞ்சாலைப் பக்கத்துப் பழைய கேட். எங்கள் தெருக் கோடியில் நடக்கவும் சைக்கிளுக்கும் மட்டும் ஒரு பாதை. 'ஒரு வீடும் கூடாது' கட்சியில் இருந்த ஆறு வீடு கையெழுத்துப் போட மறுத்தது. மற்றவர்கள் போட்டார்கள். நெரிடா ஒரு பிரதியை டாம்சினுக்குத் தபாலில் அனுப்பினார். பதில் இல்லை.

கவுன்சிலின் போக்குவரத்து இன்ஜினியர் ஹமிஷ் என்ற இளைஞர், ஒல்லி. பள்ளி வாசலுக்கு வந்து தேதிகளைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது. "எண்ணினது வெளியாளுங்க. நான் சரிபார்த்திருக்கணும். பார்க்கல," என்று ஒத்துக்கொண்டார். அக்டோபர் மூன்றாம் வாரம் மறுபடி எண்ணுவதென்று முடிவாயிற்று. தெருவுக்குக் குறுக்கே இரண்டு கறுப்பு ரப்பர் குழாயை ஆணியடித்துப் பொருத்தினார்கள். சக்கரம் ஏறும்போதெல்லாம் ஓரத்துப் பெட்டியில் ஓர் எண் கூடும்.

திங்கள் காலை. பிள்ளைகள் வகுப்புக்குப் போய்விட்டார்கள். நெரிடா பலகையைக் கொண்டுபோய் வைக்கப்போனவர் நின்றுவிட்டார். கிளாரியின் பழைய வண்டி குழாய்மேல் டப்டப்பென்று ஏறிப் போனது. இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்தது. மறுபடி போனது. ஒவ்வொரு தடவையும் கிளாரி எங்களுக்குக் கையாட்டினார்.

"என்ன பண்றாரு இவரு?" என்றேன்.

"எண்ணிக்கைய ஏத்தறாரு," என்றார் நெரிடா. "நெரிசல்னு காட்ட."

வண்டி மறுபடி வந்தது. நெரிடா பலகையைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் போய் நின்றார். கிளாரி பிரேக்கை அழுத்திய வேகத்தில் நாய் முன்கண்ணாடியில் வந்து முட்டிக்கொண்டது.

"தள்ளும்மா! பால் வாங்கப் போறேன்!"

"எத்தனாவது பால்?"

"...பதினேழாவது."

"எறங்குங்க, கிளாரி."

"நெரிடா, உனக்குப் பைத்தியமா? அவங்க லீவுல எண்ணி ஏமாத்தலாம், நாம கொஞ்சம் கூட்டிக் காட்டக் கூடாதா? ஒனக்காகத்தான் பண்றேன், உன் பேரப்பிள்ளைங்களுக்காக!"

"நம்ம கையில இருக்கறது ஒண்ணே ஒண்ணு. அவங்க எண்ணினது பொய், நாம சொல்றது நெசம். அதையும் நீங்க சக்கரத்துல போட்டு நசுக்கறீங்க." பலகையை இன்னும் உயர்த்திப் பிடித்தார். "வண்டிய வீட்டுல விடுங்க. நான் ஹமிஷுக்குப் போன் பண்றேன்."

"காட்டிக்குடுக்கப் போறியா?"

"ஆமா."

என் கண்ணெதிரிலேயே போன் செய்தார். திங்களன்று பதிவானதை எடுக்காதீர்கள், எங்கள் தெருக்காரர் ஒருவர் வேண்டுமென்றே பதினேழு தடவை ஏறி இறங்கினார் என்று சொன்னார். பெயரைச் சொல்லவில்லை. ஹமிஷ் செவ்வாயிலிருந்து புதிதாக ஆரம்பித்து கூடுதலாக ஒரு நாள் நீட்டித்தார்.

தெருவில் நெரிடாவின் பெயர் நாறிப்போனது. "துரோகி" என்று ஒரு குப்பைத் தொட்டியில் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தார்கள். கிளாரி அவரைப் பார்த்தால் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போலத் திரும்பிக்கொண்டார், குழாயில் தண்ணீர் வராதபோதும். நெரிடா வழக்கம்போல எட்டரைக்கு வந்து நின்றார். வியாழனன்று ஹமிஷும் கூட வந்து நின்று பிள்ளைகளை எண்ணினார். முட்டையிட்டிருந்த மேக்பை பறவை ஒன்று மரத்திலிருந்து பாய்ந்து இரண்டு தடவை அவர் தலையில் கொத்தியது. தலையில் ரிப்போர்ட்டைக் கவிழ்த்துக்கொண்டு எண்ணி முடித்தார்: இருநூற்று நாற்பத்து மூன்று.

கவுன்சில் கூட்டம் நவம்பர் கடைசிச் செவ்வாய், மாலை ஆறு மணிக்கு. மண்டபத்தில் நிற்க இடமில்லை. பேசுகிறவருக்கு மூன்று நிமிஷம். மேசையில் பச்சை விளக்கு, நேரம் முடிந்தால் சிவப்பு. உறுப்பினர் ஒன்பது பேரில் ஒருவருக்கு அந்த நிலத்தில் பங்கு இருந்ததால் எழுந்து வெளியே போனார். எட்டுப் பேரில் ஐந்து பேர் எங்கள் பக்கம் வேண்டும்.

வீடு கட்டும் கம்பெனிக்காக ஒரு பெண் வக்கீல் முதலில் பேசினார். "புது எண்ணிக்கையை நம்ப முடியாது. தெருக்காரர்கள் வேண்டுமென்றே வண்டிகளை முன்னும் பின்னும் ஓட்டியதாக எங்களுக்குத் தகவல் இருக்கிறது," என்றார்.

என் பக்கத்தில் கிளாரி தொப்பியை இரண்டு கையாலும் கசக்கிக்கொண்டிருந்தார்.

மேயர் ஹமிஷைப் பார்த்தார். "இது உண்மையா?"

"உண்மைதான்," என்றார் ஹமிஷ். "திங்கட்கிழமை காலை. பதினேழு தடவை. அரை மணி நேரத்துக்குள்ள எனக்குத் தகவல் வந்துச்சு. சொன்னது அந்தத் தெருவில் இருக்கற திருமதி ஹாக்கிங். அன்னிக்குப் பதிவானதை முழுசா நீக்கிட்டேன். உங்க முன்னால இருக்கறது சுத்தமான எண்ணிக்கை."

வக்கீல் உட்கார்ந்தார். கிளாரி எழுந்து, "அது நான்தான்! பதினேழு தடவையும் நான்தான்!" என்று கத்தினார். மேயர் அவரை உட்காரச் சொன்னார். மண்டபம் சிரித்துச் சிரித்து ஓய்ந்தது.

"திருமதி ஹாக்கிங்."

நெரிடா எழுந்து ஒலிபெருக்கியின் முன் நின்றார். பச்சை விளக்கு எரிந்தது. கையில் எழுதி வைத்திருந்த தாளை மடித்தார், மடித்தார், கடைசியில் பையில் போட்டுவிட்டார்.

"எனக்குப் பேச வராது," என்றார். "பிள்ளைங்களத் தெரியும். இங்க மேல உக்காந்திருக்கற மூணு பேரோட பேரப்பிள்ளைங்கள நான் தினமும் ரோடு தாண்ட விடறேன். கவுன்சிலர் அம்மா, உங்க ஆஸ்கர் வீட்டுல ஷூ கயிறு கட்டவே மாட்டான். நடு ரோட்டுல குனிஞ்சு கட்டுவான், நான் காரை நிறுத்திக்கிட்டு நிப்பேன். ரிப்போர்ட்டுல பதினோரு பிள்ளைன்னு போட்டிருக்கு. அந்தப் பதினொண்ணுல ஆஸ்கர் இருக்கானா?"

அந்த அம்மாள் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"வீடு வேணாம்னு நான் சொல்லல. வீடு வேணும். என் பொண்ணுக்கே வேணும். வழிய அந்தப் பக்கம் வைங்க, பிள்ளைங்க நடக்கறத இந்தப் பக்கம் வைங்க. அவ்வளவுதான்."

விளக்கு இன்னும் பச்சையாகவே இருந்தது. அவர் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்தார். அப்போது பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து நடந்து வந்தாள். டாம்சின். பேசப் பெயர் கொடுத்திருக்கிறாள் என்பது எங்களுக்குத் தெரியாது.

"நான் நூத்திப் பதினெட்டாம் மனை," என்றாள். "வீடு வேணும்னு இங்க வந்திருக்கற எல்லாரையும்விட எனக்குத்தான் அவசரம். எங்கம்மா மேல கோவமும் இருக்கு. ஆனா அவங்க அனுப்பின தாள ஒன்பது தடவ படிச்சேன். பழைய கேட்டு வழியா வண்டி வந்தா என் பிள்ளைங்க பயமில்லாம நடந்து ஸ்கூலுக்குப் போவாங்க. தாமதம் ஆனா ஆகட்டும்."

பேசிவிட்டு அம்மாவைப் பார்க்காமலே திரும்பிப் போனாள்.

வழியை மாற்றுவதற்கு ஆதரவாகக் கைகள் உயர்ந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. மேயருடையது நாலாவது. அப்புறம் ஒன்றும் இல்லை. கிளாரி என் தோளை நசுக்கினார். ஆஸ்கரின் பாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், கையைத் தூக்கினார்.

அந்த மண்டபம் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டிருக்காது. கிளாரி ஹமிஷின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். முன்னே பின்னே தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வாசலில் சாசேஜ் சுட்டு விற்ற பள்ளிப் பெற்றோர்கள் அன்று எல்லாருக்கும் சும்மாவே கொடுத்தார்கள். பேரன் பெயரைச் சொன்னதற்காகக் கை தூக்கவில்லை, அந்த கேட் விஷயத்தில் நியாயம் இருந்தது என்று அந்த அம்மாள் எல்லாரிடமும் விளக்கிக்கொண்டிருந்தார். நெரிடா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வாகனம் நிறுத்துமிடத்துக்கு ஓடினார். டாம்சின் காரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. தூரத்திலிருந்து பார்த்தபோது நெரிடா கைஜாடையில் ஏதோ சொல்ல, டாம்சின் சிரிப்பது தெரிந்தது.

எல்லாம் இனிப்பாக முடிந்துவிடவில்லை. வழியை மாற்றியதில் வேலை பதினான்கு மாதம் தள்ளிப்போனது. பூஞ்சை வீட்டில் இன்னொரு குளிர்காலத்தைத் தாங்க முடியாமல் டாம்சின் பிள்ளைகளோடு அம்மாவின் இரண்டு அறை வீட்டுக்கே வந்துவிட்டாள். குளியலறைக்குச் சண்டை, தொலைக்காட்சிக்குச் சண்டை. கையெழுத்துப் போடாத ஆறு வீட்டில் இரண்டு வீட்டார் இன்றைக்கும் நெரிடாவிடம் பேசுவதில்லை. கிளாரி மட்டும் கூட்டம் முடிந்த மறுநாளே ஒரு டப்பா நிறைய லாமிங்டன் கேக்கோடு அவர் வாசலில் போய் நின்றார்.

இந்தப் பிப்ரவரியில் வெள்ளை வேலியை எடுத்து, அகலமான நடைபாதை போட்டார்கள். பள்ளி திறந்த முதல் நாள் அந்தப் பாதை வழியாக ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். கவுன்சில் நெரிடாவுக்குத் துணையாக இன்னொருவரை வேலைக்கு எடுத்திருக்கிறது.

டாம்சின் புது வீட்டுக்குப் போன வாரம் நான் நெரிடாவைக் கேட்டேன், வீடு வெறிச்சென்று இருக்குமே என்று.

"அழுவேன்னு பாத்தியா?" என்றார். "மொத நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு, கதவச் சாத்தாம, குளியல் தொட்டியில ஒரு மணி நேரம் கெடந்தேன், வாஸ். ஒரு ஆள் வந்து அவசரம்னு கத்தல."